காலையில் இணங்கும் கார் நண்பகலில் பிணங்குவதேன்?

மனிதரில் மட்டுமன்று, யந்திரங்களிலும் பிடிவாதக்காரர் உண்டு. விடியற்காலையில் எழுப்பினால் முணுமுணுப்பின்றி எழுந்துவிடும். நான்கைந்து மைல் தூரத்தைச் சலிப்பின்றிக் கடந்துவிடும். ஆனால், போன இடத்தில் நிறுத்திவிட்டுக் கால்மணி நேரத்தில் திரும்பி வந்தாலோ, "இனி ஓரடியும் நகரேன்" என்று அடம்பிடித்து நிற்கும். முக்கால்மணி நேரம் நிழலில் கிடந்தபின், ஒன்றுமே நடவாததுபோல மீண்டும் உயிர் பெறும். பழைய மோட்டார்க் கார் வைத்திருப்போரில் இந்தக் கூத்தைப் பாராதவர் சிலரே.

இந்த வியாதிக்குக் காரணம் ஒன்றன்று, பல. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் வழி தெரியாமையால், தேவையற்ற உதிரிப்பாகங்களுக்குப் பணத்தை இறைத்துவிட்டு, ஈற்றில் வண்டியையே வந்த விலைக்கு விற்றுவிடுவோர் உளர். நாமும் அந்த விளிம்புவரை சென்று மீண்டவர்கள். நாம் கற்ற பாடம் பிற குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தினாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

எமது வீட்டு மொறிஸ்

எமது தந்தையார் இளைப்பாறிய ஆசிரியர். எண்பது வயதைக் கடந்தவர். கோப்பாயிலுள்ள எமது வளவின் ஒரு மூலையில், கிடுகு வேய்ந்த கொட்டிலில், அவருடைய மொறிஸ் மைனர் நிற்கிறது. 1959ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அந்த வண்டியை, 1978ஆம் ஆண்டில் மற்றொருவரிடமிருந்து அவர் வாங்கினார்.

மொறிஸ் மைனரை அறியாத யாழ்ப்பாணத்தவர் இலர். அலெக் இசிகோனிஸ் என்பவர் வகுத்த அந்த வண்டி, 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. பின்னர் 1959இல் 'மினி' என்னும் சிறு காரை உலகுக்குத் தந்தவரும் அவரே. 1956ஆம் ஆண்டில் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் 'மைனர் 1000' வெளிவந்தது. உற்பத்தி நின்ற காலத்துக்குள் 16 இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டுவிட்டன. அவற்றுள் சில, ஒஸ்ரின் ஏ-40 வண்டிகளோடு தோளுரசிக்கொண்டு, எமது வீதிகளில் இன்றும் ஓடுகின்றன.

ஆனால், எமது வண்டி நெடுங்காலம் ஓடவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் யாவரும் இடம்பெயர்ந்தபோது நாமும் புறப்பட்டோம். மறு ஆண்டில் வீடு திரும்பியபோது கூரையிற் பாதி இருக்கவில்லை. வண்டி மட்டும் கொட்டிலில் நின்றது. ரயர் வாங்க வழியில்லை. ஓட்டிச் செல்லவும் மனமில்லை. தந்தையார் அதனைக் கற்களின்மேல் ஏற்றி, சாக்கினால் மூடிவிட்டார். அவ்வாறு கிடந்த வண்டியை, சென்ற ஆண்டிலேதான் மீண்டும் வீதியிலிறக்கினோம். நகரத்துக் கராச்சு ஒன்றில் பெற்றோல் தாங்கியைக் கழுவி, பிறேக்கையும் றப்பர் உறுப்புகளையும் புதுப்பித்துத் தந்தார்கள். எஞ்சின் புறப்பட்ட அன்று தந்தையார் ஒரு தேங்காய் உடைத்தார்.

"மாதாமாதம் உன்ரை அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக, இனி ஒருவரையும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, தம்பி" என்றார் அவர்.

வைத்தியசாலை வாசலில்

எமது தாயாருக்கு நீரிழிவு நோய் உண்டு. வெறும் வயிற்றோடு சென்று இரத்தப் பரிசோதனை செய்வித்து, வைத்தியரைக் கண்டு, காலந்தாழ்த்தாது வீடு திரும்பி உணவருந்த வேண்டும் என்பது ஏற்பாடு. முதன்முறை சென்ற அன்று எல்லாம் செவ்வனே நடந்தன. திரும்பும் வழியில் மருந்துக்கடை ஒன்றின் முன்னே வண்டியை நிறுத்தினோம். பத்து நிமிடங்கூட ஆகியிராது. வந்து திறப்பைத் திருப்பி, ஸ்ராற்றர்க் குமிழை இழுத்தோம். எஞ்சின் சுழன்றது; பற்றவில்லை. மீண்டும் இழுத்தோம், மீண்டும் அதே கதை. நேரமோ நண்பகல், மாதமோ சித்திரை. பின்னாசனத்திலிருந்த தாயாருக்கு உடல் வியர்த்து, கைகள் நடுங்கத் தொடங்கின. கைவசம் இருந்த இனிப்புத் துண்டொன்றை வாயில் வைத்துவிட்டு, எமது மனைவி அவரை முச்சக்கர வண்டியொன்றில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு விரைந்தார். தந்தையார் வண்டியை விட்டு வர மறுத்து, வெயிலிலேயே நின்றார். ஒரு மணிக்கு, தானாகவே மனம் மாறியதுபோல, வண்டி முதல் இழுப்பிலேயே புறப்பட்டது.

அன்றிரவு கனடாவிலிருக்கும் எமது இளைய சகோதரி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, அந்தக் காரை வித்துப்போடுங்கோ. அப்பாவின்ரை ஆசைக்காக அம்மாவை நடுவீதியில் வைத்திருக்க ஏலாது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தந்தையார் மறுமொழி கூறவில்லை. அன்றிரவு உணவும் அருந்தவில்லை.

கண்ணைக் கட்டிய வைத்தியம்

விற்பதற்கு முன் ஒருமுறை திருத்திப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். முதலாவது கராச்சுக்காரர் வண்டியைக் காணுமுன்னரே, "பற்றரி பழுது" என்று தீர்ப்பளித்தார். புதிய பற்றரி வாங்கினோம். வண்டி முன்னிலும் உற்சாகமாகச் சுழன்றது. ஆனால், சூட்டில் பற்ற மறுத்தது. இரண்டாமவர் கொயிலையும் கண்டென்சரையும் மாற்றினார். பயனில்லை. மூன்றாமவர், "எஞ்சினையே கழற்றவேண்டும்" என்று, நாம் கேட்டு அஞ்சத்தக்க தொகையொன்றைக் கூறினார்.

இம்மூவரையும் நாம் குறைகூற விரும்பவில்லை. குற்றம் எம்முடையதும்தான். மூவரிடமும் நாம் வண்டியைக் காலை வேளையில், அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, கொண்டுபோய் நிறுத்தினோம். காய்ச்சல் விட்டிருக்கும் வேளையில் நோயாளியை அழைத்துச் சென்றால் வைத்தியர் எதனைக் காண்பார்? ஊகிக்கத்தான் முடியும். ஊகத்தின் செலவோ எமது தலையில் விடியும்.

மூன்று கேள்விகள்

நான்காவதாக, உரும்பிராய்ப் பக்கத்தில் வேலை செய்யும் முதியவர் ஒருவரை நாடினோம். ஒஸ்ரினிலும் மொறிசிலும் கைபழகியவர். நாம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும் அவர் கூறியது இதுதான்: "நல்லாய் ஓடேக்கை கொண்டுவந்து காட்டாதேங்கோ. அது மறுக்கிற நேரத்திலை நான் பார்க்கவேணும்."

அவ்வாறே, தந்தையாரையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு, உச்சி வெயிலில் நகரத்தைச் சுற்றிவிட்டு, எஞ்சின் கொதிக்கக் கொதிக்க அவருடைய முற்றத்தில் நிறுத்தினோம். பொனற்றைத் திறக்க அவர் இடந்தரவில்லை. "சூடு உள்ளேயே இருக்கட்டும்" என்று கூறி, எங்களை இருத்தித் தேநீர் தந்தார். கால்மணி நேரம் கழிந்தது. பிறகு குமிழை இழுத்தோம். வண்டி, தன் குணத்தை மறைக்காமல், மறுத்தது.

முதியவர் புன்னகை செய்தார். "மாஸ்டர், இனி நான் அதுகிட்டை மூண்டு கேள்வி கேட்கிறன்" என்று தந்தையாரிடம் கூறினார். சுழல்கிறதா? தீப்பொறி உண்டா? பெற்றோல் வருகிறதா? இம்மூன்றையும் இந்த ஒழுங்கிலேயே கேட்கவேண்டும் என்பதும், ஒன்றுக்கு விடை கிடைக்குமுன் அடுத்ததற்குத் தாவலாகாது என்பதும் அவர் கொள்கை. பெற்றோலில் ஓடும் எஞ்சின் எதுவாயினும், புறப்பட மறுப்பதற்கான காரணம் பெரும்பாலும் இம்மூன்றினுள் அடங்கிவிடும்.

முதலாவது: சுழல்கிறதா?

குமிழை இழுக்கும்போது எஞ்சின் விறுவிறுப்பாகச் சுழன்றால், பற்றரியும் ஸ்ராற்றரும் குற்றமற்றவை. இது ஒன்றை அறிந்திருந்தாலே எமது புதிய பற்றரியின் விலை மீந்திருக்கும்.

காலையில் நன்கு சுழன்று, சூட்டில் சோம்பிச் சுழலுமாயின், அது வேறு நோய். செம்புக் கம்பியின் மின்தடை, வெப்பம் 50 பாகை உயர்ந்தால் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கூடிவிடும். எஞ்சினின் அருகிலே கிடந்து வேகும் ஸ்ராற்றருக்கு, ஏற்கெனவே துருப்பிடித்த கம்பி வழியாக வரும் மின்சாரம் அப்போது போதாது. ஆகவே பற்றரியின் இரு முனைகளையும், எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் பட்டைக் கம்பியையும் கழற்றிச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்கவேண்டும். எஞ்சின் றப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், அந்தப் பட்டைக் கம்பி அற்றுப்போனால் மின்சாரம் திரும்பிச் செல்ல நல்ல வழி இராது.

இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. முன்விளக்குகளை எரியவிட்டுக் குமிழை இழுங்கள். எஞ்சின் அசையாமல் விளக்கும் மங்கி அணையுமாயின், பற்றரியையும் அதன் முனைகளையும் முதலிற் பாருங்கள். விளக்கு மங்காமல் எரிய, எஞ்சின் மட்டும் அசையாதிருப்பின், ஸ்ராற்றரையும் அதற்குச் செல்லும் சுவிச்சையும் சந்தேகியுங்கள்.

எமது வண்டி விறுவிறுப்பாகச் சுழன்றது. முதலாவது கேள்வி தீர்ந்தது.

இரண்டாவது: தீப்பொறி உண்டா?

முதியவர், கொயிலிலிருந்து டிஸ்றிபியூற்றருக்குச் செல்லும் தடித்த கம்பியின் நுனியைக் கழற்றி, மின்சாரம் பாயாத பிடியுள்ள குறட்டினாற் பற்றி, எஞ்சினின் இரும்புக்குக் கால் அங்குல தூரத்தில் பிடித்தார். அதற்குமுன், பெற்றோல் எங்கும் கசியவில்லை என்பதைக் கண்ணாலும் மூக்காலும் உறுதிசெய்துகொண்டார். நாம் குமிழை இழுத்ததும் நீலநிறப் பொறி 'சடக், சடக்' என்று பாய்ந்தது.

நீலமாகவும் தடிப்பாகவும் பாயும் பொறி ஆரோக்கியத்தின் அடையாளம். மஞ்சள் நிறத்தில் மெல்லியதாய்த் தள்ளாடும் பொறி நலிவின் அடையாளம். கொயிலுக்குள்ளே சுற்றப்பட்டிருக்கும் கம்பியின் காப்பு முதுமையாற் கெட்டிருந்தால், குளிரில் அது தாங்கும், சூட்டில் கைவிடும். கண்டென்சரும் அப்படியே. சூட்டில் மட்டும் பொறி நலியுமாயின், இவ்விரண்டில் ஒன்றே பெரும்பாலும் குற்றவாளி. பொயின்ற் இடைவெளியையும் மறத்தலாகாது. மைனர் 1000இல் அது அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது 0.4 மில்லிமீற்றர் அளவு. பிளக்கின் இடைவெளி ஆயிரத்தில் 25 பங்கு.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அக்காலத்து மைனர்களில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்காலத்து வழக்கத்தை எண்ணி யாரேனும் முனைகளை மாற்றிப் பூட்டி, கொயிலின் கம்பிகளை மாற்றாதுவிட்டாற் பொறி வலுவிழக்கும். எமது வண்டியில் அது சரியாகவே இருந்தது. இரண்டாவது கேள்வியும் தீர்ந்தது. புதிய கொயிலுக்குக் கொடுத்த பணமும் வீணே என்பது தெளிவாயிற்று.

மூன்றாவது: பெற்றோல் வருகிறதா?

இங்கேதான் நிதானம் வேண்டும். ஏனெனில், பெற்றோல் வாராமையும் நோய். மிகையாக வருதலும் நோய். இரண்டுக்கும் வெளிக்குறி ஒன்றே, மருந்தோ எதிரெதிரானது.

வேறுபாட்டை அறியப் பிளக்கு ஒன்றைக் கழற்றிப் பார்த்தல் போதும். அது பெற்றோலில் நனைந்து மணக்குமாயின், எஞ்சின் மூச்சுமுட்டிக் கிடக்கிறது என்பது பொருள். காபுரேற்றர்க் கிண்ணத்தின் ஊசி வால்வு தேய்ந்து ஒழுகுவதாலோ, சூட்டினாற் பெற்றோல் பொங்கி வழிவதாலோ, சூடான எஞ்சினுக்குச் சோக்கை இழுப்பதாலோ இது நேரும். அப்போது சோக்கை முற்றாகத் தள்ளிவிட்டு, அக்சிலறேற்றரை அடிவரை மிதித்து, காலை எடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு, எஞ்சினைச் சுழற்றவேண்டும். காற்று மிகுதியாகச் சென்று ஈரத்தை உலர்த்திவிடும். மாறாக, பிளக்கு உலர்ந்திருக்குமாயின், பெற்றோல் உள்ளே செல்லவில்லை என்பது தெளிவு.

எமது பிளக்கு உலர்ந்தே இருந்தது.

டிக், டிக், டிக்

மைனரில் பெற்றோலை இறைத்துத் தருவது மின்சாரத்தால் இயங்கும் சிறு பம்பு. திறப்பைத் திருப்பியதும் அது 'டிக், டிக்' என்று சில முறை அடிக்கும். காபுரேற்றரின் கிண்ணம் நிரம்பியதும் மௌனமாகிவிடும். இந்த ஒலி, நாடித்துடிப்புப் போன்றது. கிண்ணம் வெறுமையாயிருக்க, ஒலியே எழாவிட்டாற் பம்பின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். நில்லாமல் அடித்துக்கொண்டேயிருந்தாலோ, தாங்கி வெறுமையாயிருக்கலாம். குழாய் காற்றை இழுக்கலாம். அல்லது குழாயினுள்ளே பெற்றோலுக்குப் பதிலாக அதன் ஆவி நிறைந்திருக்கலாம்.

முதியவர் திறப்பைத் திருப்பிவிட்டுச் செவிகொடுத்தார். பம்பு ஒருகால் விரைந்தும் ஒருகால் மெலிந்தும் அடித்துக்கொண்டேயிருந்தது. இதுவரை மௌனமாயிருந்த எமது மனைவி அப்போது பேசினார்.

"அண்ணை, மருந்துக்கடை வாசலிலும் இந்தச் சத்தம்தான். காலமை நாலைஞ்சு தரம் அடிச்சுப்போட்டு நிண்டிடும். மத்தியானத்திலை நிக்காது."

முதியவர் எம்மைத் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சிக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியேல்லையோ?" என்று கேட்டார். நாம் தலைகுனிந்தோம். வண்டியோட்டும் ஆடவர் குமிழையும் திறப்பையுமே பார்ப்பர். அருகிலிருப்பவர் காதுகளையும் பயன்படுத்துவர். நேயர்கள் தத்தம் வீட்டில் இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

பின்னர் முதியவர், பம்பிலிருந்து காபுரேற்றருக்குச் செல்லும் செப்புக் குழாயை விரலால் தொடர்ந்து சென்றார். ஓரிடத்தில் அவருடைய கை நின்றது. நேராகச் செல்லவேண்டிய குழாய், அவ்விடத்தில் வழியை விட்டு விலகி, புகை வெளியேறும் வார்ப்பிரும்புக் குழாயின் மேலாக, விரலளவு இடைவெளியில், ஒரு முழுச் சுற்றுச் சுற்றிச் சென்றது. ஈரத்துணியொன்றைப் பிழிந்து, சூடான வார்ப்பிரும்பிற் படாதவாறு, அந்தச் செப்புச் சுருளின்மேல் மட்டும் இட்டார். சிறிது நேரத்தில் பம்பின் ஓட்டம் சீராகி, நாலு முறை அடித்து, நின்றது. குமிழை இழுத்தோம். வண்டி புறப்பட்டது.

"இந்தச் சுருள் கொம்பனி போட்டதில்லை. ஆரோ பிறகு வளைச்சிருக்கினம்" என்றார் முதியவர்.

தந்தையார் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு, "நான்தான்" என்றார்.

மண்ணெண்ணெய்க் காலத்துச் சுருள்

இளைய நேயர்களுக்காக இங்கே சிறிது விளக்கவேண்டும். 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தின்மீது பொருளாதாரத் தடை இறங்கியது. பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று, பற்றரியும் அவ்வாறே, மின்சாரம் நின்றது. அந்நாட்களில் எமது மக்கள், பெற்றோலுக்கெனச் செய்யப்பட்ட கார்களையும் மோட்டார்ச் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புறப்படுவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் காபுரேற்றருக்குள் விடப்படும். அதற்கெனச் சிறு போத்தல்களும், வைத்தியசாலைச் சேலைன் குழாய்களும் பயன்பட்டன. எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய் தொடரும். வெண்புகை கக்கிக்கொண்டு ஓடிய அந்த வண்டிகளே நோயாளரையும் மணமக்களையும் சுமந்தன.

இதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பெற்றோலின் மெல்லிய கூறுகள் ஏறத்தாழ 35 பாகை வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கும். மண்ணெண்ணெயோ 150 பாகைக்கு மேலேதான் கொதிக்கும். ஆகவே போதிய சூடின்றேல் அது ஆவியாகாது, ஆவியாகாதது எரியாது, எரியாத மிச்சம் எஞ்சின் எண்ணெயிற் கலந்து அதனையும் நீர்த்துப்போகச் செய்யும். இதனை உணர்ந்த எமது தந்தையார், காபுரேற்றருக்குச் செல்லுமுன் மண்ணெண்ணெய் சூடேறட்டும் என்று, கைவசமிருந்த செப்புக் குழாயை அடுப்பிற் காய்ச்சி வளைத்து, அந்தச் சுருளைத் தாமே அமைத்திருக்கிறார்.

1992ஆம் ஆண்டில் ஒரு நள்ளிரவு, எமது தாயாருக்குப் பிரசவ வேதனை கண்டது. விளக்கில்லாத வீதியில், கைப்பிடி சுற்றிப் புறப்படச் செய்த அந்த வண்டியிலேயே தந்தையார் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார். விடியுமுன் எமது தங்கை பிறந்தார். "வித்துப்போடுங்கோ" என்று கனடாவிலிருந்து சொன்னவர் அவரேதான்.

அன்று வண்டிக்குச் சூடு நண்பன். குளிர்ந்து கிடந்தால் அடம்பிடிக்கும். சூடேறிவிட்டால் எத்தனை முறை நிறுத்தினாலும் இணங்கும். இன்று அதே குழாயில் பெற்றோல் செல்கிறது. ஓடும்போது விசிறியின் காற்றும், இடையறாது வரும் குளிர்ந்த பெற்றோலும் சுருளின் சூட்டைத் தணித்துக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் காற்றும் இல்லை, ஓட்டமும் இல்லை. அடியிலிருக்கும் வார்ப்பிரும்பின் சூடு மேலெழுந்து பெற்றோலைக் கொதிக்கவைத்து, குழாயை ஆவியால் நிரப்பிவிடும். முக்கால்மணி நேரத்தில் எல்லாம் ஆறிவிட, வழி திறக்கும். நண்பன் பகைவனான கதை இதுவே. சனநெரிசலில் ஊர்ந்து செல்லும்போது வண்டி இடையிடையே திணறியதும் இதனாலேயே என்பது பின்னர்தான் எமக்கு விளங்கிற்று.

மருந்து மிக எளியதாயிருந்தது. சுருளை நீக்கி, புதிய குழாயொன்றை நேர்வழியில், புகைக்குழாய்க்குத் தொலைவாக இட்டார் முதியவர். காபுரேற்றர் அமரும் இடத்திலிருந்த சூடு தடுக்கும் அட்டையையும் மாற்றினார். புதிய பற்றரிக்கு நாம் கொடுத்த பணத்தில் இருபதிலொரு பங்குகூட இதற்குச் செல்லவில்லை. "இந்த வளைவை உடையாமல் வளைச்ச கை லேசான கையில்லை, மாஸ்டர்" என்று கூறி, சுருளைத் துணியில் துடைத்துத் தந்தையாரிடம் கொடுத்தார்.

நேயர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பத்தினர் பின்வருவனவற்றை மனத்திற்கொள்வது நன்று.

வண்டி மறுத்தால், முதலில் அதனை வீதியோரம் தள்ளி, கைப்பிறேக்கை இழுத்து, கியரை நடுநிலையில் விடுங்கள். குழந்தைகளையும் முதியோரையும் நிழலில் இருத்துங்கள். நோயாளர் உடன்வருவராயின், சிற்றுண்டியும் தண்ணீரும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். நாம் பட்டறிந்து சொல்வது இது.

ஸ்ராற்றரைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து இழுக்க வேண்டாம்; இடையில் ஒரு நிமிட ஓய்வு கொடுங்கள். பெற்றோல் மணக்கும் இடத்தில் புகைத்தலும், தீப்பொறிச் சோதனையும் கூடவே கூடா. கொதித்த றேடியேற்றரின் மூடியைத் திறத்தல் ஆகாது. வார்ப்பிரும்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் அது வெடிக்கக்கூடும். கைப்பிடி சுற்றுவோர், பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்து, கீழிருந்து மேலாக இழுக்கவேண்டும். எஞ்சின் எதிர்த்துதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும்.

ஒரு சிறு குறிப்பேட்டை வண்டியில் வைத்து, மறுத்த நேரம், ஓடிய தூரம், நின்ற நேரம், சுழன்ற விதம், கேட்ட ஒலி, வந்த மணம் ஆகியவற்றை எழுதிவாருங்கள். மூன்று முறை எழுதினாலே நோயின் முகம் தெரியும். புதிய மோட்டார் வண்டிகளில் காபுரேற்றரும் பொயின்றும் இல்லை. அவற்றின் வேலையை மின்னணு உறுப்புகள் செய்கின்றன. சூட்டில் தவறிழைக்கும் உறுப்புகள் அவற்றிலும் உண்டு. அவற்றைக் கண்டறியக் கருவி வேண்டும். ஆயினும் மூன்று கேள்விகள் மாறுவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, திருத்துபவரிடம் "முன்னர் இந்த வண்டியில் யார், எதனை, ஏன் மாற்றினார்?" என்பதைச் சொல்லுங்கள். எமது வண்டியின் வரலாறு முழுவதையும் அறிந்த ஒருவர் வீட்டிலேயே இருந்தார். நாமோ அவரை ஒருமுறையேனும் கேட்கவில்லை. அவரும், முப்பது ஆண்டுகளுக்கு முன் தம் கையாற் செய்ததை மறந்துபோயிருந்தார்.

அடுத்த மாதக் கிளினிக்குக்கு, தாயாரை மொறிசிலேயே அழைத்துச் சென்றோம். வேண்டுமென்றே மருந்துக்கடை வாசலில் நிறுத்தினோம். திரும்பி வந்து திறப்பைத் திருப்பியபோது நால்வரும் பேசாமலிருந்தோம். பம்பு நாலு முறை அடித்து நின்றது. குமிழை இழுத்ததும் எஞ்சின் பற்றிக்கொண்டது. "கெதியாய்ப் போங்கோ, பசிக்குது" என்றார் தாயார்.

அன்றிரவு தங்கைக்கு விஷயத்தைச் சொன்னோம். சுருளைப் படமெடுத்து அனுப்பும்படி கேட்டார். விற்கும் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

அந்தச் செப்புச் சுருள், கொட்டிலின் வளையில் ஓர் ஆணியில் தொங்குகிறது. பழைய இரும்புக்காரர் ஒருவர் அதற்கு விலை கேட்டபோது, தந்தையார் மறுத்துவிட்டார். 2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக நாடு முழுவதும் வரிசையில் நின்றதை அவர் மறக்கவில்லை. "கிடக்கட்டும். எந்த நேரத்திலை என்ன தேவைப்படுமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்கிறார்.